சீட் பெல்ட் போட்ட குண்டான்

செகுண்டாவில் ஜூலை.
விடிந்தால் புல்லெல்லாம் உப்புப் பூத்தமாதிரி உறைபனி.
மூன்று பேர் நாங்கள், ஒரு வாடகை வீடு,
கொதிகலன் குழாய்களுக்கு ஆர்கான் வெல்டிங்.
பகலெல்லாம் கண்ணெதிரே இரும்பு
தண்ணீராய் ஓடும்.
ராத்திரி வீட்டில்
ஒரு குண்டான் மாவு
பொங்க மாட்டேன் என்கிறது.

அரிசிக்குக் குறைவில்லை,
இங்கே எந்தக் கடையிலும் புழுங்கலரிசிதான்.
உளுந்துக்குத்தான் லெனேசியா போகணும்,
போக வர முந்நூறு கிலோமீட்டர்.
சுவரில் நம்மூர் ஏசி பிளக்கின் அதே குண்டுக் கண்கள் மூன்று.
துவாக்குடியிலிருந்து துணிக்குள் சுற்றி வந்த கிரைண்டரின்
ஒயர் நுனியை வெட்டி
குண்டுக் கால் மாட்டிக்கொடுத்தான் இருளாண்டி.
சுற்ற ஆரம்பித்துப் பத்து நிமிஷம்,
கரண்ட் போய்விட்டது.
இங்கே அதற்கு அட்டவணை உண்டு, பார்க்காதது எங்கள் தப்பு.
கல்லில் ஒட்டிய உளுந்தோடு
செல்போன் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம்.

முதல் வாரம் குண்டானுக்குப் போர்வை.
அடுத்த வாரம் ராயப்பன்
தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதற்கு மாட்டினான்.
சமையல் மேடையில் கைகளைத் தொங்கவிட்டு
ராத்திரி முழுக்க நின்றது, தலையில்லாத ஆள் மாதிரி.
காலையில் மூடியைத் திறந்தால்
வைத்தது வைத்தபடி, சுண்ணாம்புக் கரைசல்.
அவித்துத்தான் பார்த்தோம்.
வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆகும்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
சட்னி நல்லாருந்துச்சு, என்றான் ராயப்பன்.

கம்பெனி கொடுத்த வண்டிக்குப் பேர் பக்கி.
ஊரில் அது வசவு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல்
அதற்குள் விட்ட போனை எடுக்கப் போய்க்
கதவைத் திறந்தேன்.
திருச்சியின் மே மாதம் முகத்தில் அறைந்தது.

ஓடிப்போய்க் குண்டானைத் தூக்கிவந்தேன்.
முன் சீட்டில் உட்காரவைத்து
பெல்ட்டும் போட்டுவிட்டேன்.
நாலு மணிக்குப் போன்:
ஏதோ குழாயில் கசிவு, உடனே வா.
குண்டானை இறக்க மறந்து வண்டியை எடுத்தேன்.
வழியில்தான் சத்தம் கேட்டது,
மூடி மெல்லத் தலையாட்டும் சத்தம்.

கேட்டில் மஹ்லாங்கு நின்றாள்.
ஜன்னல் வழியே மூக்கை நீட்டினாள்.
ஊதச் சொன்னாள், ஊதினேன். பூஜ்யம்.
நம்பாமல் மறுபடி ஊதச் சொன்னாள். பூஜ்யம்.
அப்புறம் பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.
வெள்ளையாய் விளிம்பு தாண்டி
பெல்ட்டின்மேல் வழிந்துகொண்டிருந்தார் என் பயணி.
விரலால் தொட்டு முகர்ந்தாள்.
"மகேவு!" என்று சிரித்தாள்,
பின்னால் லாரி ஹாரன் அடிக்கிற அளவுக்குச் சிரித்தாள்.
தன் பிளாஸ்க்கைத் திறந்து
மூடி நிறைய எனக்கும் ஊற்றினாள்:
சோளமாவுக் கஞ்சி, புளித்தது.
நீராகாரத்தில் யாரோ சர்க்கரை போட்டமாதிரி இருந்தது.
நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.
இன்னொரு மூடி வாங்கிக் குடித்தேன்.

அன்றைய இட்லி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
முப்பத்தொன்று வந்தது. ராத்திரி பதினொன்றுக்குத் தின்றோம்,
மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய்கூடக் குழைக்காமல்.

திங்கட்கிழமை ஃபோர்மேன் வண்டியில் ஏறினான்,
இறங்கினான்.
இதற்குள் எது செத்தது என்று கேட்டான்.
இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் கழுவினோம்,
பெல்ட்டைத் தனியாக ஊறவைத்தோம்.
போகவில்லை.

காலை ஐந்தரை, மைனஸ் இரண்டு.
பின் சீட்டில் இருவரும் வாய் பிளந்து தூங்குகிறார்கள்.
ஹீட்டரைப் போட்டதும்
சீட்டின் பஞ்சுக்குள்ளிருந்து அது எழுந்து வருகிறது,
எங்கள் வீட்டு அடுக்களையில்
விடியற்காலை முதல் மூடி திறக்கும் வாசனை.
கேட் வரைக்கும் பதினாறு கிலோமீட்டர்.
கண்ணாடியை இறக்குவதில்லை நான்.
மஹ்லாங்கு ஊதச் சொல்லும்போதுதான்,
அதுவும் பாதி.