தட்டிவிட்டு வா

டப்ளின் கப்பல் ஊதினால் ஜன்னல் அதிரும் தெருவில்
பதினேழாம் எண் வீடு.
என்னிடம் ஒரு சாவி, வேலை கொடுத்தவர்கள் தந்தது.
டெலித்திடம் ஒன்று,
பச்சை ஷூ நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கும்.
குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள்.

முதல் வாரம்
என் சாவியைப் போட்டு நானே திறந்து
காலை வணக்கம் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.
உள்பாவாடையோடு நின்றிருந்தாள்,
கையில் பாதி கடித்த ரொட்டி.
கோபப்படவில்லை. கூச்சப்படவும் இல்லை.
ஐம்பத்தொரு வயதில் முப்பத்திரண்டை
வெளியிலிருந்து திறக்கும் கதவுகளுக்குப் பின்னால் கழித்தவள்.
அவளுக்கு அது வழக்கம்.
வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும்தான்.

இரண்டாம் வாரம் சங்கிலி.
பூட்டு திரும்பியது; கதவு நாலு விரற்கடை நகர்ந்து நின்றது.
இடுக்கில் ஒரு கண்.
"யாரு?"
"நான்தான், நெஸ்டா."
"தட்டலையே."
மூடிவிட்டாள்.

தட்டினேன்.
இங்கே மழை மேலிருந்து விழாது,
கடலிலிருந்து நேராக முகத்துக்கு வரும்.
உள்ளே கெட்டில் கொதித்தது. ஸ்பூன் கிணுகிணுத்தது.
ஒரே ஒரு கோப்பைக்கான சத்தம்.
பதினோரு நிமிடம்.
பிறகு, "இப்ப வா."
அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன்.
சம்பவப் படிவம் நிரப்பச் சொன்னார்கள்.
எழுதினேன்: பணியாளர் நனைந்தார்.

இன்னொரு படிவமும் உண்டு.
அர்த்தமுள்ள செயல்பாடுகள், வாரத்துக்கு எத்தனை மணி?
பதில் எழுதத் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
நீச்சல்? ஊஹூம்.
மண்பாண்டம்? ஊஹூம்.
தோட்ட வேலை? முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
"அப்ப என்னதான் வேணும், டெலித்?"
"குப்பை லாரி."

வியாழன் காலை ஏழேகால்.
வாசலில் கோட்டுப் பித்தானெல்லாம் போட்டு நிற்பாள்.
பார்த்து நின்றவள் ஒருநாள் இறங்கினாள்.
தெரு முழுக்க இருந்த தொட்டிகளை
ஒவ்வொன்றாக இழுத்து வந்து விளிம்பில் வைத்தாள்.
நிறம் தப்பு. வாரம் தப்பு.
ஒன்பதாம் எண்காரர் கடிதம் போட்டார்.
நிறுத்திவிடலாமே என்றார் என் மேலாளர், மிக மென்மையாக.

நான் செய்தது இவ்வளவுதான்:
ஒரு நாட்காட்டி, கறுப்பிலும் நீலத்திலும் வட்டப் பொட்டுகள்,
கதவின் உட்புறம், அவள் கண்ணின் உயரத்தில்.
ஒட்டியது அவள். கோணலாக.
இப்போது ஒன்பதாம் எண்காரர்
புதன் இரவு செருப்போடு வந்து நிற்கிறார்:
"டெலித், நாளைக்குக் கறுப்பா, நீலமா?"
அவர் கதவைத் தட்டினாரா என்று
முதலில் உறுதி செய்துகொண்டுதான் பதில் சொல்கிறாள்.

எல்லா நாளும் இப்படியல்ல.
நவம்பரில் மூன்று நாள் திறக்கவே இல்லை.
படியில் உட்கார்ந்து தபால் துவாரத்துக்குள்
வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன்:
மீன் விலை, என் தங்கையின் விவாகரத்து,
கடலில் புயல், கப்பல் ரத்து.
மூன்றாம் நாள் மாலை துவாரம் திறந்தது.
ஒரு காலுறை வந்து விழுந்தது.
இன்றுவரை அதன் பொருள் எனக்குத் தெரியாது.
துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கட்டத்தில் "குப்பை" என்று எழுதியிருந்தேன்.
விளக்கவும் என்று திரும்பி வந்தது.
விளக்கினேன், கூடுதல் தாளில், இரு பக்கமும்.
படித்தவர்கள் மகிழ்ந்தார்கள்.
சமாளிக்கிறாளே என்று
என் இருபது மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கினார்கள்.
அவளிடம் சொன்னேன்.
விரல் விட்டு எண்ணினாள், பாதியில் விட்டாள்.
"வியாழன் வருவியா?"
"வியாழன் வருவேன்."

சாவி இன்னும் என் பையில் இருக்கிறது,
நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் என்று.
தட்டுகிறேன்.
ஜன்னல் வழியே நான் ஏறி வருவதை
தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டவள்
"யாரு?" என்கிறாள்.