மூக்கோரத் துளி

தாம்பெரேயில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
விளக்கைப் போட்டுவிட்டு
என் வரைவில் ஒரு சொல்லை அடிக்கிறாள் ஔலிக்கி:
‘தவறாக’.

மூடிய கண்கள், மூக்கோரம் ஒரு நீலத் துளி.
வரைந்தவர்களுக்கு அது உறக்கம்:
ஜப்பானியப் படக்கதையில்
தூங்குகிறவன் மூக்கில் குமிழ் விடுவான்.
பாதிப் பேர் தவறாக அதைக்
கண்ணீர் என்கிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

‘யாரும் தவறாக அழுவதில்லை.
எத்தனை பேர், எந்த ஆண்டு, அதை எழுது.
எப்போதும் என்று எழுதாதே.
பெரும்பாலும் என்றால் மூன்று சான்று காட்டு.’
கறாரானவள். காபியைக்கூட அளந்துதான் ஊற்றுவாள்.

திருத்தினேன்.
உறக்கம்; அழுகை.
நடுவே அரைப்புள்ளி.

டிராமில் கைபேசியைத் தள்ளிக்கொண்டே போனேன்.
போன செவ்வாய், இரவு இரண்டே கால்,
ஓலுவிலிருந்து தம்பி வெய்க்கா
அந்த முகத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான்.
கீழே என் பதில்:
‘போய்ப் படுடா’.

ஒரே ஒரு சான்று. எதற்கும் போதாது.
அழைத்தேன்.
ஏழாவது மணிக்கு எடுத்தான்.
பேச்சில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம்.

சளியா என்று கேட்கவில்லை.
இறங்கவேண்டிய நிறுத்தம்
ஈரக் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோனது.