கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால்
என் ஸ்டுடியோவில் பாட்டு நிற்கும்.
உரக்கடைக்கு மேல் மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
அதற்கு மேல் சணல் சாக்கு.
யூரியா வாடையும் பஸ் ஹாரனும் மட்டும்
எதற்கும் அடங்குவதில்லை.

மன்னார்குடி வண்டி வந்து
இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வண்டி,
திருவாரூர்ப் பக்கம் நாற்பது வண்டி.
நான் மைக்கை அணைத்துவிட்டு டீ சொல்வேன்.

அந்த வருஷம் எல்லாம் ஒன்றாக வந்தது.
நோன்பு, தவக்காலம், பங்குனி,
போதாததற்குத் தேர்தல்.

கூத்தாநல்லூர் ஜெகபர் சாதிக்
பிறைக்கு முன் ஆறு பாட்டு முடிக்கவேண்டும்.
தெர்மாஸில் வெந்நீர், பையில் பனங்கற்கண்டு.
அவரை சிங்கப்பூரில் கேட்கிறார்கள்;
சொந்தத் தெருவில் மச்சான்கள் கேட்பதில்லை.

வலங்கைமான் தையல்நாயகி
மூக்குத்தியைக் கழற்றித் தீப்பெட்டிக்குள் வைத்த பிறகுதான்
மாரியம்மனைக் கூப்பிடுவார்.
கூப்பிட்டால் என் மீட்டரில் முள்
சிவப்பிலேயே நிற்கும்.

பூண்டி சகாயத் தெரஸுக்கு எதிர்மாறான தொண்டை.
சிலுவைப்பாதை பதினான்கு நிலைகளையும்
காதுக்குள் சொல்வதுபோல் பாடுவார்.
உரக்கடையில் மூட்டை இறக்கினால்கூட
அவர் டேக் கெட்டுப்போகும்.

கட்சிப் பாட்டு அம்பலவாணன் ஒரே ஆள்.
ஒரே மெட்டு, இரண்டு கட்சி.
சின்னம் வருகிற இடத்தை மட்டும்
இரண்டு தரம் பாடிக் கொடுத்துவிட்டு
இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொள்வார்.

கேட் போட்டால் இவர்கள் எல்லாரும்
ஒரே பெஞ்சில், ஒரே பஜ்ஜித் தட்டோடு.
யாரும் யார் பாட்டையும் பற்றிப் பேசியதில்லை.
தொண்டைக்கட்டுக்கு மருந்து மட்டும்
மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வார்கள்.

கடைசியாக ஏறி வந்தவன் எம்சி வண்டல்.
வாக்காளர் அட்டையில் முருகையன்.
கோட்டூர். அறுவடை மிஷினில் உதவியாள்.
காதோரம் இன்னும் பதர் ஒட்டியிருந்தது.
ஒரு மணிநேரத்துக்குத்தான் காசு இருந்தது.

'பதினேழு பதினேழு ஈரப்பதம் பதினேழு
என் கண்ணு எத்தன காட்டுது
மிஷின வச்சுப் பாரு'

மூன்றாவது டேக்கில்
கேட் போட்டதை நான் கவனிக்கவில்லை.
தனியார் பஸ் ஒன்று
மூன்று சுரத்தில் இழுத்து அடித்த ஹாரன்
'பாரு' முடிந்த இடத்தில்
சமம் பிசகாமல் விழுந்தது.
அழிக்கக் கை போனது.
'தொடாதீங்கண்ணே' என்றான் வண்டல்.

மூன்றே வாரம்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கிறவன் போனில்,
மன்னார்குடி சலூனில்,
காதுகுத்து வீட்டு ஜெனரேட்டரையும் மீறி
அந்த ஹாரன்.

தையல்நாயகி போன் செய்தார்:
'அந்தப் பையனுக்குப் போட்டியே ஒரு ஊதல்,
அது அம்மனுக்கும் வேணும்.'
அம்பலவாணன் இரண்டு கட்சிக்கும் கேட்டார்.
ஜெகபர் சாதிக் மட்டும் குரலை இறக்கி,
'தம்பி, நம்ம பாட்டுல அது இல்லையே?'

இருந்தது.
நாலாவது பாட்டில், தஃப்புக்கு அடியில்,
தேடினால் மட்டும் கேட்கும்.
இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் கேட் போட்டார்கள்.
உள்ளே தெரஸ், பன்னிரண்டாம் நிலை.
வெளியே நாகப்பட்டினம் பஸ்ஸின் ஸ்பீக்கரில்
முருகையன் 'பாரு' என்றான்.
பாட்டுக்குள் இருந்த ஹாரன் அடித்தது.
முன்னால் நின்ற டிரைவர்
தன்னைத்தான் அவசரப்படுத்துகிறார்கள் என்று
கோபமாகப் பதில் அடித்தார்.
அதற்கு ஒரு லாரி. லாரிக்கு ஒரு வேன்.
தலையை நீட்டி 'எவன்டா அது' என்று
எல்லாரும் எல்லாரையும் தேடினார்கள்.

மைக் அணைக்கவில்லை என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தெரஸ் கண்ணை மூடியிருந்தார்.
அவர் நிறுத்தவில்லை.
நானும்.