கால் திருப்பு

மூன்று நாள் வறட்சி முடிந்து
செந்தூலில் எங்கள் பதினான்காம் மாடிக்குப்
பின்னிரவு இரண்டரைக்கு ஏறி வந்தது தண்ணீர்.
முதலில் இருமியது.
பிறகு தே தாரிக் நிறத்தில் கொஞ்சம் துப்பியது.
மூடாமல் விட்ட குழாய் எதுவென்று
இருட்டில் தடவிப் போய்
வெடுக்கென்று மூடினேன்.

டொம்.

சுவருக்குள் யாரோ ஓங்கி ஓர் அடி.

அன்றிலிருந்து
துணி துவைக்கும் இயந்திரம் குடித்து நிறுத்தும்போதெல்லாம் டொம்.
பல் துலக்கிக் குழாயை அடைத்தால் டொம்.
கோபமா என்று கேட்டார் தர்மசீலன்.
இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லியே
எனக்குக் கோபம் வந்தது.

பதின்மூன்றாம் மாடி ஹலிம்,
அதிகாலை முதல் பஸ்ஸை எடுக்கப் போகிறவர்,
சாரோங்கை இறுக்கிக்கொண்டு ஏறி வந்தார்.
இந்நேரத்தில் என்ன ஆணி அடிக்கிறீர்கள்?
பதில் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டு
இயந்திரத்தின் எதிரே நிற்க வைத்தேன்.
நின்றோம்,
லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் போல
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.
அவர் சுவரில் உள்ளங்கை வைத்தார்.

டொம்.

சுட்டுவிட்டதுபோல் கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.
பேய் இல்லை என்றேன்.
சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஆ லியோங் வந்தார்.
எதையும் உடைக்கவில்லை.
இயந்திரத்துக்குப் பின்னால்
தலையில் மூடியோடு நிமிர்ந்து நிற்கும்
ஒரு முழக் குழாயைக் காட்டினார்.
இது காலியா இருக்கணும் லா, ரொம்பிப் போச்சு.
ஓடி வர்ற தண்ணியைத் திடீர்னு நிறுத்தினா
முட்டிக்க மெத்தை வேணும்.
உள்ள நிக்கிற காத்துதான் மெத்தை.

பெரிய வால்வை அடைத்தார்.
வீட்டிலுள்ள எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார்,
ஷவர், சமையல் தொட்டி,
தரையோடு ஒட்டிய பால்கனிக் குழாய்.
வீடு வடிந்தது.
வடிந்த பின்
குழாய்கள் உள்ளுக்கு மூச்சிழுக்கும் சத்தம்.
கடைசியில் வால்வை என் கையில் விட்டார்.
கால் திருப்பு. நில்லு. இன்னொரு கால்.
அரைத் திருப்பு போனேன்,
கையில் தட்டினார்.

எழுபது ரிங்கிட்.
ரசீதில் வேலை என்ற இடத்தில்
ரோமன் எழுத்து மூன்றே மூன்று.
ஆங்கிலமாகப் படித்தால் காற்று.
மலாயாகப் படித்தால் தண்ணீர்.
தண்ணீர்தான், இதிலென்ன சந்தேகம் என்றார் ஹலிம்.
காற்று என்றார் தர்மசீலன்.
அந்த ஆங்கிலத்தைக் கேட்டபடி தமிழில் எழுதினால்
ஏர்.
உழுவதற்கு
ஒரு தொட்டிப் பண்டான் இருக்கிறது பால்கனியில்.

இன்றிரவு வேண்டுமென்றே துணி போட்டேன்.
பத்தே பத்து உருப்படி.
தண்ணீர் ஏறுகிறது.
கீழே ஹலிமும்
கூரையைப் பார்த்துப் படுத்திருக்கக்கூடும்.

நின்றது.

சுவரில் ஒன்றுமில்லை.
என் தோள் மட்டும்
பழக்கத்தில் ஒருமுறை
தூக்கிப் போட்டது.