எல்லாம் அவன்தான்

வியாழன் காலை பதினொன்று பதினொன்றுக்கு
ரோஸ்விதா என் கையில் கத்தரிக்கோலைத் தந்தாள்.
கோழி வெட்டுகிற அதே கத்தரிக்கோல்,
சோப்புப் போட்டுக் கழுவியது.
"இன்றைக்கு ஊர் பெண்களுடையது" என்றாள்.
கொலோனில் இன்று கழுத்துப்பட்டி கட்டி வருகிறவன்
வெளியூரான், இல்லையென்றால்
வெட்டுப்பட ஆசைப்பட்டவன்.

எஷ்வைலர் இரண்டும் இல்லை.
வீட்டுச் சொந்தக்காரர்.
குளியலறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்ததற்கு
எங்கள் கறிச்சட்டி ஆவிதான் காரணமென்று
கடிதம் எழுதி
முற்பணத்தில் நானூறு யூரோவைக் கழித்தவர்.
கத்தரிப்பூ நிறப் பட்டு.
பியருக்குக் குனிந்தார்.
நறுக்.
வெட்டினால் கன்னத்தில் முத்தம் கொடுக்க வேண்டுமாம்.
அதை ரோஸ்விதா கொடுத்தாள், என் கணக்கில்.

பிறகு ஆறு நாள் எண்ணெய்ச்சட்டி ஆறவில்லை.
ஒரு காலத்தில் நோன்புக்கு முட்டை ஆகாது,
வெண்ணெய் ஆகாது, பன்றிக்கொழுப்பு நினைக்கவே கூடாது.
இருப்பதை வீணாக்காமல்
பொரித்துத் தின்னத் தொடங்கியதுதான்
இந்தக் கூத்தெல்லாம் என்கிறாள்.
நம்புகிறேன்.
நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்நாள்
மீன்சந்தையில் இடிபட்டவள் நான்.

திங்களன்று ஊர்வலம்.
பழைய பட்டாளத்தைக் கேலிசெய்யத் தைத்த
சிவப்பு வெள்ளைச் சீருடைகள்,
மரத்துவக்கின் வாயில் பூங்கொத்து.
முதுகோடு முதுகு ஒட்டி
புட்டத்தை உரசி ஆடினார்கள்.
பட்டாளம் எப்போதோ போய்விட்டது,
கேலி மட்டும் இருநூறு வருஷமாய்க் காவல் நிற்கிறது.
சீருடையைக் கண்டு சிரிக்க
எனக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது.
இந்த முறை சிரித்தேன்.
குடையைத் தலைகீழாய் விரித்துப் பிடித்ததில்
மூன்று சாக்லேட்டும் ஒரு சவர்க்காரமும்.

செவ்வாய் நள்ளிரவு
மதுக்கடை வாசலுக்கு மேலே
ஆறு நாளாய்த் தொங்கிய வைக்கோலானை இறக்கினார்கள்.
பெயர் நுப்பெல்.
கழுத்தில் கத்தரிப்பூப் பட்டு.
கட்டியது யாரென்று கேட்காதீர்கள்.
ஹுபெர்ட், பாதிரியார் அங்கியில்,
கழிவறைத் தூரிகையால் தீர்த்தம் தெளித்து
குற்றப்பத்திரிகை வாசித்தான்.

சம்பளத்தை முழுசாய்க் குடித்தது யார்?
நுப்பெல்!
அடுத்தவன் பெண்சாதியைச் சனிக்கிழமை ஆடக் கூட்டிப்போய்
இன்றைக்குத் திருப்பி அனுப்பியது யார்?
நுப்பெல்!
பட்டியை அறுத்தது யார்?
எல்லாரையும்விட உரக்க நான் கத்தினேன்.
வாய் திறந்ததுதானே என்று
கையோடு கேட்டும் விட்டேன்:
நானூறு யூரோவைப் பிடித்தது யார்?
நுப்பெல்! என்றது தெரு.
கரடி வேஷத்தில், தலையைக் கையில் பிடித்துக்கொண்டு,
எஷ்வைலரும்தான்.

நன்றாக எரிந்தான்.
சிலர் உண்மையாகவே அழுதார்கள்.

புதன் காலை வாசல் கூட்டுவது என் முறை.
தண்ணீர் விட்டும் சாம்பல் கல்லிடுக்கை விடவில்லை.
மதியம் மீன் மட்டும்.
எஷ்வைலர் வந்தார், திறந்த கழுத்தோடு,
நெற்றியில் சாம்பல் சிலுவை.
போன வருஷக் குருத்தோலையை எரித்த திருநீறு.
பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
குற்றவாளிதான் செத்துவிட்டானே.

ஹெரிங் மீனை வைத்தபோது என் முகத்தையே பார்த்தார்.
பிறகு, முதல் தடவையாக,
தலையைக் கொஞ்சம் தாழ்த்தி:
"நீங்களும் கோயிலுக்குப் போய் வந்தீர்களா?"

நெற்றியைத் தொட்டேன்.
விரலில் கரி.
காலையில் வியர்வை துடைத்தபோது
பட்டிருக்கும்.
வைக்கோலாக இருக்கலாம்,
பட்டாகவும் இருக்கலாம்.

"ஓம்" என்றேன்.
எலுமிச்சை வேண்டுமா என்று கேட்டேன்.