வண்டல் கோடு

முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நஜ்முதீன் கடை. பலகையில்
உப்புக்காற்று தின்றது போக
‘கார் ஆடி’ என்று மட்டும் மிச்சம்.
விதைப்புப் பட்டியல் போலவும் படிக்கலாம்.

நான் இறால் தீவனம் விற்கிறவன்.
தோப்புத்துறை, இடும்பாவனம், தில்லைவிளாகம்,
எல்லாப் பண்ணைக்கும் இந்த வெள்ளை வண்டிதான்.
ஏழு மாதமாக இடது கதவு கரகரக்கிறது.
வானிலைச் செய்தியில்
‘காற்றழுத்தத் தாழ்வு’ வரை சொல்லி
‘மண்டலம்’ என்பதை விழுங்கிவிடும்.

கைப்பிடிக்குப் பின்னால் ஒரு திருகு,
கை வைக்கிற இடத்துக்கு அடியில் ஒன்று.
பிறகு பலாச்சுளை எடுப்பது மாதிரி
விரல் விட்டு ஓரமாக ஓர் இழுப்பு.
டப் டப் டப் என்று கிளிப்புகள் விட்டன.
இரண்டு உடைந்தன. ‘அது உடையத்தான் செய்யும்’
என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

கம்பெனி ஸ்பீக்கர். காகிதக் கூம்பு.
ஓரம் ஊறி, நைந்து, தொட்டதும்
ஈர அப்பளமாய்க் கையோடு வந்தது.
‘இது இத்தனை நாள் பேசினதே பெரிசு.’

பிளாஸ்டிக் தாளை உரித்தார். கறுப்புப் பசை
நூல் நூலாக நீண்டது. டார்ச் அடித்தார்.
அடித்தபடியே நின்றார்.

உள் தகட்டில் ஒரு சாண் உயரத்தில்
பென்சிலால் போட்டது போல ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே மண்.
மணல் இல்லை, வெறும் களியும் இல்லை.
ஆறு கரை மீறி வந்து
திரும்பும்போது விட்டுப்போகிற மண்.
காய்ந்து, ஓடு ஓடாய் வெடித்து,
நடுவில் ஒரு பேனா மூடி, நாலைந்து பதர்.

‘அண்ணே, இதுல நாத்தே விடலாம்.’
சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

ஒரே ஓனர். டாக்டர் வண்டி.
மழைக்குக்கூட வெளியே எடுத்ததில்லை.
மன்னார்குடி புரோக்கர் வேதமூர்த்தி
திருநீறு மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு
சொன்னது.

வேலை நிற்கவில்லை.
புதுசு ஆறரை அங்குலம், துளை ஆறு.
ப்ளைவுட்டில் வளையம் அறுத்தார்.
வயரில் எது ப்ளஸ் எது மைனஸ் என்று
சுவர்க்கடிகாரத்தின் செல்லைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார்.
கூம்பு முன்னால் வந்தால் சரி.
வலதில் வந்தது. இடதில் பின்னால் போனது.
‘மாத்திக் குடுத்தாலும் ரெண்டும் பாடும்ணே.
ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும்.
நடுவுல உக்காந்தவனுக்கு மட்டும்
மேளம் கேக்காது.’
மாற்றி முடுக்கினார்.
கடைக்கு மணி நாலு இருபதோடு நின்றிருந்தது.

மூடும் முன் சோதிக்க வேண்டும்.
பாட்டு போடச் சொன்னார்.
நான் வேதமூர்த்திக்குப் போன் போட்டேன்.

‘தண்ணியா? சார், டாக்டர் வண்டி சார் அது!’
எங்கோ ஒரு டம்ளர் மேஜையில் வைக்கப்பட்டது,
அதுகூடக் கேட்டது.
‘தண்ணியா’வுக்கும் ‘சார்’ருக்கும் இடையில்
அவர் எச்சில் விழுங்கினார்.
இரண்டு கதவிலும் ஒரே நேரத்தில்,
முன்னால் வரவேண்டிய கூம்பு
முன்னால் வந்து.

பழைய ஸ்பீக்கரில் இது வந்திருக்காது.
பழைய ஸ்பீக்கரில் அவர் நல்ல மனிதர்.

வைத்துவிட்டேன்.
நஜ்முதீன் ஈரத்துணியோடு நின்றார்.
‘தொடைச்சிரவா? நாளைக்கு விக்கிறப்ப
எவனாச்சும் கழட்டிப் பாத்தா…’

கோரையாற்றுப் பக்கமிருந்து காற்று.
தொங்கிய பிளாஸ்டிக் தாள் படபடத்தது.
ஒரு சில்லு மண்ணை எடுத்து நசுக்கினேன்.
மாவு மாதிரி ரேகையில் ஏறிக்கொண்டது.
நல்ல மண். ஒரு வயல் முழுக்க இருந்தால்
யாரும் துடைக்கச் சொல்ல மாட்டார்கள்.

‘தொடைங்க’ என்று சொல்வதற்கு முன்
என் தொண்டையில் ஒரு சத்தம்.
ஸ்பீக்கர் எதுவும் ஓடவில்லை.
அவருக்குக் கேட்டிருக்கும்.

பின்கதவு இரண்டையும் திறக்கவில்லை.
காசில்லை என்று சொன்னேன்.