நீர் விளிம்பிலிருந்து

ஏரி என்கிறது கரையில் நட்ட பலகை.
ஈயம் தோண்டிய பள்ளம் என்கிறது
என் மேசைமேல் விரித்த பழைய வரைபடம்.
எதுவானாலும் தண்ணீர் தண்ணீர்தான்.
அதன்மேல் வானவில் மிதப்பதாகப்
பதினெட்டாம் மாடியிலிருந்து
படத்தோடு வந்த புகாருக்கு
நான்தான் போயாக வேண்டும்.

சட்டை முதுகில் மாநகர் மன்றம்.
கையில் ஐம்பது மீட்டர் நாடா.
பயிற்சிக்கு வந்திருக்கும் ஹஃபிஸ்
நாடாவின் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு
சேற்றில் இறங்கி நின்று கேட்டான்:
"புவான், எங்கே வைக்கட்டும்?"

விதி பன்னிரண்டு, உட்பிரிவு நான்கு:
எரிபொருள் கொட்டகை
நீர் விளிம்பிலிருந்து
பதினைந்து மீட்டருக்குக் குறையாமல்.

நீர் விளிம்பு என்றால்
சிற்றலை நக்கிப் போகும் இடமா,
நக்கிய ஈரம் நிற்கும் இடமா,
போன மாத மழையில்
தண்ணீர்ப் போத்தல்கள் ஒதுங்கிய வரிசையா?
எழுதியவர் குளிரூட்டிய அறையில் இருந்து
எழுதியிருக்க வேண்டும்.
"ஈரத்தில் வை" என்றேன்.

படகுத்துறைக்காரர் பரஞ்சோதி
ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.
கொட்டகையைத் திறந்துவிட்டார்.
இருபது லிட்டர் கேன்கள் ஆறு.
நான்குக்குத்தான் உரிமம்.
மற்ற ரெண்டும் தண்ணீர் என்றார்.
மூடியைத் திருகி முகர்ந்தேன்.
தண்ணீர்தான்.
தீயணைக்கும் வாளியில்
சிகரெட் துண்டுகள்,
சுருண்டு தூங்கும் ஒரு பூனை.
"மணல் இருக்குதுங்க புவான்,
பூனைக்கு அடியில."

பதினான்கு மீட்டர் எழுபது.
பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் நீளம்
குறைகிறது.

"மழை விட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.
ஏரி கொஞ்சம் பின்னால போகும்.
கொட்டகை போகாது,
சிமெண்டு போட்டாச்சு."

அப்படியென்றால் வானவில்?
எதிர்க்கரைப் பட்டறைச் சாக்கடையைக்
கைநீட்டிக் காட்டினார்.
சாக்கடை வேறு இலாகா.

ரெண்டு வாரம் கழித்துப் போனேன்.
ஏரி பின்னால் போயிருந்தது.
பதினைந்து மீட்டர் தொண்ணூறு.
அதே கொட்டகை, அதே ஆறு கேன்,
பூனை மட்டும் இல்லை.
'விதிக்கு உட்பட்டது' என்ற கட்டத்தில்
குறி போட்டுக் கையெழுத்திட்டேன்.
வாத்து வடிவப் படகில் ஒரு சிறுமி
விரலைத் தண்ணீரில் விட்டு
நிறங்களைக் கிழித்துக்கொண்டே போனாள்.
அவள் அம்மா பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அக்டோபர்.
நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து
நெடுஞ்சாலையை மூடிக் கொட்டுகிறது.
பேருந்து ஜன்னலில் நெற்றியை வைத்து
மனத்துக்குள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்:
பதினைந்து, பதினான்கரை, பதினான்கு,
இந்நேரம் பன்னிரண்டு இருக்கும்.

பதினொன்றாம் மாடி.
மின்தூக்கி இன்றும் ஓடவில்லை.
கதவைத் திறந்தால்
துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
மஞ்சள் கேன்.
புல்வெட்டும் குத்தகை எடுத்த என் கணவர்
எண்ணெய் கலந்து வைக்கும் பெட்ரோல், ஐந்து லிட்டர்.
கீழே வேனில் வைத்தால் திருடு போகிறதாம்.
ஒன்பது வருடமாய் அங்கேதான் இருக்கிறது.
ஒன்பது வருடமாய்
அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

நாடா கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.
அடுப்படியில் தொடங்கி
குதிகாலோடு பெருவிரல் சேர்த்து
கேன்வரை நடந்தேன்.
ஏழு. எட்டு. எட்டரை.

"என்ன செய்யிற?" என்றார்
தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல."

மூடியை ஒருமுறை இறுக்கினேன்.
காற்றை ஒருமுறை முகர்ந்தேன்.
பிறகு குழம்பைச் சூடாக்க
அடுப்பைப் பற்றவைத்தேன்.